குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைகளில் தர அளவீடு

குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைகளில் தர அளவீடு என்பது, கருத்தடை முறைகளை நாடி மருத்துவமனைக்கோ சுகாதார நிலையத்துக்கோ வருபவர் அங்கு எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதை முறைப்படி கண்டறிந்து பதிவு செய்யும் செயற்பாடு ஆகும். எத்தனை பேருக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது, எத்தனை மாத்திரை அட்டைகள் வழங்கப்பட்டன என்னும் எண்ணிக்கையிலிருந்து இது வேறுபட்டது. வந்தவருக்குப் பல முறைகளும் விளக்கப்பட்டனவா, பக்க விளைவுகள் சொல்லப்பட்டனவா, தனிமையில் பேச இடம் இருந்ததா, முடிவை அவரே எடுத்தாரா என்பன போன்ற வினாக்களுக்கு இவ்வளவீடு விடை தேடுகிறது. அரசு ஆவணங்களில் சேவை பெறுபவர் "பயனாளி" என்று குறிக்கப்படுகிறார்.

தமிழ்நாட்டில் இவ்வளவீடு தனி முக்கியத்துவம் உடையது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 68.6% பேர் ஏதேனும் ஒரு கருத்தடை முறையைக் கையாளும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், 57.8% பேர் பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை அறுவையின் பங்கு மிகமிகக் குறைவு. மாத்திரையையோ ஆணுறையையோ ஒருவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அறுவை நிரந்தரமானது, அதற்கு முன் சொல்லப்படாத செய்தியைப் பின்னர் சொல்வதால் பயன் இல்லை.

வரலாறு

இந்திய அரசு 1952 ஆம் ஆண்டு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. அன்றைய சென்னை மாநிலம் ஆண் கருத்தடை அறுவையை முன்னெடுத்த முதல் மாநிலங்களுள் ஒன்று. 1951 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராகப் பணியாற்றி, பின்னர் மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்த ஆர். ஏ. கோபாலசாமி இதற்கு ஊக்கம் அளித்தார். அறுவை செய்துகொண்டவருக்கும், அவரை அழைத்து வந்தவருக்கும் பணம் வழங்கப்பட்டது. அழைத்து வருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கிடைக்கும்போது, வருபவர் விரும்பி வந்தாரா என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படும் என்ற விமர்சனம் இம்முறை குறித்து எழுந்தது.

1960களின் நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி இலக்கு விதிக்கப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில் இலக்கு முறை உச்சத்தை எட்டியது. 1976-77 ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 82 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. கட்டாயத்துக்கு எதிரான மக்கள் சினம் 1977 பொதுத் தேர்தலில் வெளிப்பட்டது. அதன்பின் ஆண் கருத்தடை வெகுவாகக் குறைந்து, திட்டத்தின் சுமை பெண்கள் மீது விழுந்தது.

இலக்கு முறையில் வெற்றிக்கான ஒரே அளவுகோல் எண்ணிக்கையாக இருந்தது. இலக்கை எட்டிய ஒன்றியம் நல்ல ஒன்றியம் எனக் கொள்ளப்பட்டது. 1994 இல் கெய்ரோ நகரில் நடைபெற்ற மக்கள்தொகை, வளர்ச்சி குறித்த பன்னாட்டு மாநாடு, தனிமனிதரின் உரிமையையும் தேர்வையும் மையமாக வைத்தது. இதனை அடுத்து 1995 இல் தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களிலும் பிற மாநிலங்களின் சில மாவட்டங்களிலும் முறைவாரி இலக்குகள் சோதனையாக நீக்கப்பட்டன. 1996 ஏப்ரலில் இது நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. எண்ணிக்கை அளவுகோலாக இல்லையெனில் எதைக் கொண்டு சேவையை மதிப்பிடுவது என்னும் தேவை அப்போது எழுந்தது.

தரத்தின் கூறுகள்

மருத்துவத் தரத்தை அமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்து நோக்கும் முறையை அவெடிசு டொனபெடியன் 1966 இல் முன்வைத்தார். குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைக்கெனத் தனியான சட்டகத்தை மக்கள்தொகை மன்றத்தைச் சேர்ந்த ஜூடித் புரூசு 1990 இல் வெளியிட்டார். இன்றும் பெரும்பாலான அளவீடுகளுக்கு இதுவே அடிப்படை. சேவை பெறுபவரின் பக்கத்திலிருந்து பார்க்கும் இச்சட்டகம் ஆறு கூறுகளைக் கொண்டது:

1. முறைகளின் தேர்வு - பல முறைகள் கிடைக்கின்றனவா, அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய முடிகிறதா என்பது.
2. தகவல் - முறைகளின் பயன், பக்க விளைவு, பயன்படுத்தும் விதம் ஆகியவை சொல்லப்படுகின்றனவா என்பது.
3. தொழில்நுட்பத் திறன் - பணியாளரின் மருத்துவத் திறமையும் கிருமி நீக்க நடைமுறையும்.
4. மனித உறவு - மரியாதை, பரிவு, அந்தரங்கம்.
5. தொடர்ச்சி - மீண்டும் வரவும், முறையை மாற்றிக்கொள்ளவும் வழி உள்ளதா என்பது.
6. சேவைகளின் பொருத்தமான தொகுப்பு - மகப்பேறு, குழந்தை நலம் முதலியவற்றோடு சேர்த்து, மக்களுக்கு ஏற்ற இடத்திலும் நேரத்திலும் சேவை கிடைக்கிறதா என்பது.

இவ்வாறனுள் மூன்றாவதை மருத்துவரே நன்கு மதிப்பிட முடியும். அறுவைக் கருவி முறையாகக் கிருமி நீக்கப்பட்டதா என்பது அறுவை செய்துகொள்பவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டாவதையும் நான்காவதையும் சேவை பெற்றவரைக் கேட்காமல் அறிய முடியாது. சொன்னேன் என்று பணியாளர் கூறுவதும், சொல்லப்பட்டது என்று வந்தவர் கூறுவதும் பல நேரங்களில் வேறுபடும்.

அளவிடும் முறைகள்

நிலையத் தணிக்கை: கருவிகள், மருந்து இருப்பு, திரைச்சீலை, கழிப்பறை, காத்திருக்கும் இடம் முதலியன சரிபார்க்கப்படும். இது எளிது, ஆனால் இருப்பதை மட்டுமே காட்டும், நடப்பதைக் காட்டாது. திரைச்சீலை தொங்குவதும் அது இழுத்து மூடப்படுவதும் ஒன்றல்ல.

நேரடி உற்றுநோக்கல்: பயிற்சி பெற்ற ஒருவர், இருவரின் இசைவோடும் கலந்துரையாடலின்போது உடனிருந்து குறிப்பெடுப்பார். பார்க்கப்படுகிறோம் என்பதை அறிந்த பணியாளர் வழக்கத்தைவிடக் கவனமாக நடந்துகொள்வது இதன் குறை.

வெளிவரும்போது நேர்காணல்: சேவை பெற்றுத் திரும்புபவரிடம் உடனே வினவுதல். நினைவு மங்காமல் இருப்பது நன்மை. ஆனால் மருத்துவமனை வளாகத்திலேயே குறை சொல்லப் பலர் தயங்குவர். மீண்டும் அதே செவிலியரிடம் வர வேண்டியிருக்கும் என்ற எண்ணமும் இதற்குக் காரணம்.

வீட்டு நேர்காணல்: சில நாட்களோ மாதங்களோ கழித்து வீட்டில் வினவுதல். அச்சம் குறையும், மறதி கூடும். மாமியாரோ கணவரோ உடனிருந்தால் விடை மாறக்கூடும் என்பதால் தனிமை தேவை.

மாறுவேடப் பயனாளி: பயிற்சி பெற்ற ஒருவர் சேவை நாடுபவரைப் போலச் சென்று, நடத்தப்பட்ட விதத்தைப் பின்னர் பதிவு செய்வார். ஆலோசனையின் இயல்பான நிலையை அறிய இது உதவும். அறுவை போன்றவற்றுக்கு இது பொருந்தாது. பணியாளரின் முன் இசைவு இன்றிச் செய்யலாமா என்னும் அறநெறி வினாவும் உண்டு.

மக்கள்தொகை மன்றம் 1989 இல் கென்யாவில் தொடங்கிய "நிலை ஆய்வு", இவற்றுள் பலவற்றை ஒருங்கே கையாண்டது. அம்முறை பல கருவிகளையும் பல நாட்களையும் கோரியதால், 1990களின் இறுதியில் "விரைவுத் தர ஆய்வு" என்னும் சுருக்க முறை உருவாக்கப்பட்டது. நிலையத் தணிக்கை, உற்றுநோக்கல், வெளிவரும்போது நேர்காணல் ஆகிய மூன்றைக் கொண்டு 25 சுட்டிகளைக் கணிக்கும் இம்முறை எக்குவடோர், துருக்கி, உகாண்டா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் சோதிக்கப்பட்டது.

முறைத் தகவல் சுட்டெண்

பெருங்கணக்கெடுப்புகளில் நீண்ட வினாப்பட்டியலுக்கு இடமில்லை. எனவே மூன்று வினாக்களைக் கொண்ட முறைத் தகவல் சுட்டெண் பரவலாகப் பயன்படுகிறது. தற்போது ஒரு முறையைக் கையாளும் பெண்ணிடம் கேட்கப்படுபவை:

- இம்முறையைப் பெற்றபோது வேறு முறைகளைப் பற்றிச் சொன்னார்களா?
- இம்முறையால் வரக்கூடிய பக்க விளைவுகளைப் பற்றிச் சொன்னார்களா?
- அவை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்களா?

மூன்றுக்கும் "ஆம்" என்று விடையளித்தவர்களின் விழுக்காடே சுட்டெண். எடுத்துக்காட்டாக, 100 பெண்களில் 50 பேருக்கு வேறு முறைகளும், 60 பேருக்குப் பக்க விளைவுகளும், 45 பேருக்குச் செய்ய வேண்டியதும் சொல்லப்பட்டதாகக் கொள்வோம். மூன்றும் சொல்லப்பட்டவர்கள் 30 பேர் மட்டுமே எனில் சுட்டெண் 30 ஆகும். மூன்று விடைகளின் சராசரியான ஏறத்தாழ 52 என்பதைவிட இது வெகுவாகக் குறைவு. அரைகுறையாகச் சொல்வது போதாது என்னும் கருத்து இக்கணிப்பிலேயே அடங்கியுள்ளது. சுட்டெண் எப்போதும் மூன்றனுள் மிகக் குறைந்த எண்ணை விஞ்சாது.

2012 இலண்டன் உச்சி மாநாட்டையடுத்து அமைந்த பன்னாட்டு முயற்சி இதனைத் தன் அடிப்படைச் சுட்டிகளுள் ஒன்றாக ஏற்றது. பிடிக்கவில்லையெனில் வேறு முறைக்கு மாறலாம் என்று சொன்னார்களா என்னும் நான்காவது வினாவைச் சேர்க்க வேண்டும் என ஆய்வாளர் அன்ருத் ஜெயின் முன்மொழிந்தார். மாறும் வாய்ப்பு இல்லாத அறுவைக்கு இவ்வினா பொருந்தாது. அங்கு "இது நிரந்தரம், இனிக் குழந்தை பெற முடியாது என்று சொன்னார்களா" என்பதே கேட்கத்தக்க வினா.

இந்தியாவில் அளவீடு

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 1992-93 இல் முதன்முறை நடத்தப்பட்டது. 1998-99 இல் நடந்த இரண்டாம் சுற்றில் சேவைத் தரம் குறித்த வினாக்கள் விரிவாக இடம்பெற்றன. அண்மைச் சுற்றுகளின் மாவட்டத் தகவல் தாள்களில் "குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையின் தரம்" என்னும் தலைப்பில் இரு சுட்டிகள் தரப்படுகின்றன. ஒன்று, கருத்தடை செய்யாத பெண்களிடம் சுகாதாரப் பணியாளர் எப்போதேனும் இது பற்றிப் பேசினாரா என்பது. மற்றொன்று, தற்போது ஒரு முறையைக் கையாள்பவருக்கு அதன் பக்க விளைவுகள் சொல்லப்பட்டனவா என்பது. இரண்டாவது சுட்டி அகில இந்திய அளவில் 2015-16 இல் ஏறத்தாழ 47 விழுக்காடாக இருந்து, 2019-21 இல் ஏறத்தாழ 62 விழுக்காடாக உயர்ந்தது. அறுவை, கருப்பைச் சாதனம், ஊசி, மாத்திரை ஆகியவற்றை முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்கள் மட்டுமே இதில் கணக்கிடப்படுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

நீதிமன்றத் தீர்ப்புகளும் அளவீட்டை வலியுறுத்தின. இரமாகாந்து இராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 மார்ச்சு 1 அன்று, அறுவை செய்யும் மருத்துவர்களுக்குத் தகுதிப் பட்டியல், அறுவைக்கு முந்தைய சரிபார்ப்புத் தாள், ஒருசீரான ஒப்புதல் படிவம், தர உறுதிக் குழுக்கள் ஆகியவற்றை ஏற்படுத்துமாறு மாநிலங்களைப் பணித்தது. 2006 இல் நடுவண் அரசு வெளியிட்ட தர உறுதிக் கையேடு, நிலையத் தணிக்கை, அறுவையை உற்றுநோக்கல், பயனாளி நேர்காணல் ஆகியவற்றை மாவட்டக் குழுக்களின் பணியாக்கியது.

2014 நவம்பரில் சத்தீசுகர் மாநிலத்தின் பிலாசுப்பூர் மாவட்டத்தில் நடந்த கருத்தடை முகாம்களில் அறுவை செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தனர். ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டிருந்தது. ஒரு நாளில் ஒரு மருத்துவக் குழு 30 அறுவைகளுக்கு மேல் செய்யலாகாது என்பது விதி. தேவிகா பிசுவாசு வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முகாம் முறையை மூன்று ஆண்டுகளுக்குள் கைவிடவும், இலக்கு விதிக்காதிருக்கவும் ஆணையிட்டது.

அறுவைக்கான ஒப்புதல் படிவம் பயனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வேறு முறைகள் உண்டு என்பதும், அறுவை நிரந்தரம் என்பதும், அரிதாகத் தோல்வி அடையலாம் என்பதும் தமக்கு விளக்கப்பட்டன என்று அதில் அவர் உறுதி கூறுகிறார். கணவரின் ஒப்புதல் தேவையில்லை. அறுவைக்கு முன் எந்நேரத்திலும் மனம் மாறலாம். அதனால் பிற மருத்துவ உதவிகளை இழக்க நேராது. படிவத்தில் கையொப்பம் உள்ளதா என்பதைத் தணிக்கை காட்டும். அது வாசித்துக் காட்டப்பட்டதா என்பதை நேர்காணலே காட்டும்.

மதுரை வட்டாரம்

குடும்பக் கட்டுப்பாட்டுக் கள ஆய்வில் மதுரை வட்டாரத்துக்கு நீண்ட தொடர்பு உண்டு. சௌந்தரம் இராமச்சந்திரனும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947 இல் நிறுவிய காந்திகிராமம், அப்போது மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1985 முதல் அது திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் அருகிலுள்ள ஆத்தூர் ஒன்றியத்தில் 1959 இல் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது (சேலம் மாவட்டத்து ஆத்தூர் வேறு). ஊர்ப் பெரியவர்களின் துணையோடு குடும்பக் கட்டுப்பாட்டைக் கிராமங்களில் பரப்பிய இத்திட்டம் நாடளவில் பேசப்பட்டது. இதன் தொடர்ச்சியாக உருவான காந்திகிராம ஊரகச் சுகாதார, குடும்பநல நிறுவனத்தில் நடுவண் அரசின் மக்கள்தொகை ஆய்வு மையங்களுள் ஒன்று இயங்குகிறது.

மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் முதலிய ஊர்களின் சுற்றுப்புறக் கிராமங்களில் துணைச் சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியரே பெண்கள் முதலில் அணுகும் பணியாளர். அடுத்த நிலையில் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வட்ட அரசு மருத்துவமனைகளும் உள்ளன. நகரில் மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு இராசாசி மருத்துவமனை சுற்று மாவட்டங்களிலிருந்தும் மகப்பேற்றுக்கு வருவோரை ஏற்கிறது.

2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களுள் 99.6% மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஏறத்தாழ 45% அறுவைப் பிரசவங்கள். கருத்தடை அறுவை பிரசவத்தை ஒட்டியோ, அறுவைப் பிரசவத்தோடு சேர்த்தோ செய்யப்படுவது இங்கு வழக்கம். பெண் மீண்டும் ஒருமுறை அலைய வேண்டியதில்லை என்பது இதன் வசதி. ஆனால் முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்னும் வினாவை இது எழுப்புகிறது. கருவுற்ற காலப் பரிசோதனைகளின்போதே பேசி முடிவு செய்வதும், வலி கண்ட நிலையில் படிவத்தில் கையொப்பம் பெறுவதும் ஒன்றல்ல. பிரசவம் முடிந்தவுடன் கருப்பையில் காப்பர்-டி பொருத்துவதற்கும் இது பொருந்தும். ஆகவே இவ்வட்டாரத்துக்கான வினாப்பட்டியலில் "சொன்னார்களா" என்பதோடு "எப்போது சொன்னார்கள்" என்பதும் இடம்பெறுவது தேவை.

வினாக்களின் மொழி

கணக்கெடுப்பு வினாக்கள் பெரும்பாலும் பிற மொழியில் எழுதப்பட்டுத் தமிழாக்கப்படுபவை. "பக்க விளைவு" என்னும் சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. உதிரப்போக்கு, இடுப்பு வலி, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமை எனத் தனித்தனியே கேட்கும்போது கிடைக்கும் விடை, பொதுவாகக் கேட்கும்போது கிடைப்பதிலிருந்து வேறுபடலாம். "ஆபரேஷன்" என்பது பேச்சு வழக்கில் பிரசவ அறுவையையும் கருத்தடை அறுவையையும் குறிப்பதால் குழப்பம் நேரக்கூடும்.

மரியாதையை அளவிடத் தமிழில் ஒரு வாய்ப்பு உண்டு. நீ, நீங்கள் என்னும் சொல் வேறுபாடும் வினைமுற்றும் மரியாதையை வெளிப்படையாகக் காட்டுகின்றன. பணியாளர் எவ்வாறு விளித்தார் என்பதை உற்றுநோக்குபவர் எளிதில் குறிக்க முடியும். எனினும் வயதில் மூத்த செவிலியர் இளம்பெண்ணை "வாம்மா" என்று ஒருமையில் அழைப்பது மதுரைப் பகுதியில் பரிவாகவே கொள்ளப்படுவதுண்டு. அதே ஒருமை அதட்டலாகவும் அமையலாம். எனவே விளிச்சொல்லை மட்டும் எண்ணாமல், அது தமக்கு எப்படிப் பட்டது என்பதை அப்பெண்ணிடமே கேட்க வேண்டும்.

அளவீட்டுச் சிக்கல்கள்

"திருப்தியாக இருந்ததா?" என்று கேட்டால் மிகப் பெரும்பாலோர் "ஆம்" என்பர். மோசமான சேவை உள்ள இடங்களிலும் இவ்விடை மிகுதியாகவே கிடைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரியவந்தது. கேட்பவருக்கு மனம் கோணாமல் விடையளிக்கும் இயல்பு, இதைவிட நல்ல சேவையைக் கண்டிராமை, பிரச்சினை வருமோ என்னும் அச்சம் ஆகியன காரணங்கள். இதனால் கருத்தைக் கேட்பதற்கு மாறாக நிகழ்வைக் கேட்பது நல்லது. "மரியாதையாக நடத்தினார்களா" என்பதைவிட, "உட்காரச் சொன்னார்களா", "பரிசோதனையின்போது வேறு யாரேனும் அறையில் இருந்தார்களா", "யாரேனும் பணம் கேட்டார்களா" என்னும் வினாக்கள் தெளிவான விடைகளைத் தருகின்றன.

மற்றொரு சிக்கல், கணக்கில் வராதவர்கள். நிலையத்தில் நேர்காணல் செய்தால் வந்தவர்கள் மட்டுமே அகப்படுவர். ஒருமுறை அவமதிக்கப்பட்டு மறுமுறை வராதவர், மாத்திரை கேட்டு வந்து அறுவைக்கு வற்புறுத்தப்பட்டுத் திரும்பியவர், மணமாகாதவர் ஆகியோர் விடுபடுகின்றனர். இவர்களை வீட்டுக் கணக்கெடுப்பாலும் குழுக் கலந்துரையாடலாலும் ஓரளவு அணுகலாம்.

அளவீடே இலக்காக மாறும் இடரும் உண்டு. சுட்டெண் உயர வேண்டும் என்று பணியாளர் நெருக்கப்பட்டால், விளக்கம் என்பது மூன்று வாக்கியங்களை விரைந்து ஒப்பிப்பதாகச் சுருங்கிவிடும். ஒரே செவிலியர் பல கிராமங்களின் தடுப்பூசி, கருவுற்றோர் பரிசோதனை, பதிவேடுகள் அனைத்தையும் கவனிக்கும் நிலையில், ஒரு பெண்ணோடு பேசக் கிடைக்கும் நேரமும் தரத்தின் ஒரு பகுதியே.

புதிய அளவுகோல்கள்

2010களின் பிற்பகுதியில், நடத்தப்படும் விதத்தை மட்டும் தனியே அளக்கும் வினாத்தொகுப்புகள் உருவாகின. மே சுதிநராசெத்தும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கி 2018 இல் வெளியிட்ட மனிதமையக் குடும்பக் கட்டுப்பாட்டு அளவுகோல், கென்யாவிலும் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலும் சோதிக்கப்பட்டது. மதிப்பு, அந்தரங்கம், தன்முடிவு, உரையாடல், நம்பிக்கை போன்றவற்றை இது வினவுகிறது. மெக்சிக்கோவில் உருவான கருத்தடை ஆலோசனைத் தர அளவுகோலும் இவ்வகையைச் சேர்ந்தது. அழுத்தம் தரப்பட்டதா, திட்டப்பட்டாரா என்னும் எதிர்மறை நிகழ்வுகளையும் இவ்வகை அளவுகோல்கள் கேட்கின்றன. ஓரிடத்தில் சரிபார்க்கப்பட்ட அளவுகோலை வேறிடத்தில் அப்படியே கையாள இயலாது. அவ்விடத்து மொழியிலும் பழக்கத்திலும் மீண்டும் சோதித்த பின்னரே அதன் எண்களை ஒப்பிட முடியும்.

மேலும் பார்க்க

- குடும்பக் கட்டுப்பாடு
- கருத்தடை
- தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு
- காந்திகிராமம்
- நெருக்கடி நிலை (இந்தியா)